மதினி போட்ட குலவை

யக்கா, கொஞ்சம் நகந்து உக்காருங்களேன். இல்ல இல்ல, அந்தப் பையை எடுக்க வேண்டாம், அது எங்க மதினி பை. இடம் பிடிச்சு வச்சுட்டுப் போயிருக்கா. காப்பி வாங்கக் கீழ இறங்கியிருக்கா. போனா லேசுல வரமாட்டா. கேண்டீன்காரன்கிட்ட எண்ணெய் காறிப்போச்சுன்னு சண்டை பிடிச்சுட்டுத்தான் வருவா. சாத்தூர்ல எங்க அண்ணன், இவ புருசன், சேவுக் கடை வச்சிருக்கான். எண்ணெய்ச் சட்டி முன்னாடியே நின்னு நின்னு, எந்த ஊரு வடையைப் பாத்தாலும் இவளுக்கு ஒரு குத்தம் தெரியும்.

உங்களுக்கு யாரு உள்ள? வீட்டுக்காரரா? முழங்காலா? சரி சரி, சரியாயிரும். எனக்கு மக. காளீஸ்வரின்னு பேரு, பதினேழு நடக்கு. அந்தா, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், சக்கர நாற்காலியில ஆஸ்பத்திரி கவுனோட உக்காந்திருக்கால்லா, அவதான். பதிமூணு வயசுன்னுதானே நினைச்சீங்க? எல்லாரும் அப்படித்தான் நினைக்காங்க. கம்பளி போத்தியிருக்கா பாருங்க, இந்தப் பங்குனி வெயில்ல. அவளுக்கு எப்பவும் குளிரும்.

தொடை எலும்புல கீறல் விழுந்திருக்காம். வண்டியில இருந்து விழலை, மாடியில இருந்து விழலை. ஓடி ஓடியே விழுந்த கீறல். ஐப்பசியில கெண்டைக்கால் எலும்புல ஒண்ணு, அது கூடி வர்றதுக்குள்ள இப்ப தொடையில. இன்னைக்கு ஊசியை எலும்புக்குள்ள விட்டுக் கொஞ்சம் எடுத்துப் பாக்கப் போறாங்க. கட்டியா இருக்குமோன்னு சந்தேகமாம். அந்தப் பேச்சை டாக்டரம்மா எடுத்ததுல இருந்து எனக்குச் சோறு இறங்கலைக்கா. ஒத்தப் பிள்ள. எனக்கு அவளை விட்டா யாரு இருக்கா, சொல்லுங்க?

இதுக்கெல்லாம் காரணம் யாருன்னு நினைக்கீங்க? எங்க மதினிதான். காப்பி வாங்கப் போனாளே, அவளேதான். அவ போட்ட குலவைதான். அவ வர்றதுக்குள்ள சொல்லிடுதேன். நீங்க யாரோ, நான் யாரோ. இந்தப் பெஞ்சை விட்டு எந்திரிச்சா இனி பாத்துக்கிடப் போறதில்ல. அதனால உங்ககிட்டச் சொல்லலாம். எங்க ஊர்ல இதை நான் செவுத்துக்கிட்டகூடச் சொல்ல முடியாது.

எனக்குத் தீப்பெட்டி ஆபீஸ்ல வேலை. ஆபீஸ்னா நீங்க நினைக்கிற மாதிரி ஃபேன் போட்டு உக்காந்து எழுதுற ஆபீஸ் இல்ல, தீப்பெட்டி செய்யுற எடத்தை எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம். வீட்டுக்காரர் லாரி ஓட்டுதாரு, இருக்காருன்னு பேரு. பிள்ளையை வளத்தது பூரா நானும் எங்க அண்ணனும்தான். அவ சின்னதுல இருந்தே நடக்க மாட்டா, ஓட்டம்தான். கடைக்குப் போயிட்டு வாடின்னா, நான் கதவைச் சாத்துறதுக்குள்ள வந்து நிப்பா. ஸ்கூல்ல ஜோயல் சார்னு ஒரு பி.டி. சாரு. அவரு கண்ணுல பட்டா. அவ்வளவுதான், விடியுறதுக்கு முன்னாடி கிரவுண்டு, சாயங்காலம் கிரவுண்டு. மாவட்டத்துல ஜெயிச்சா. மாநிலப் போட்டியில மெடல் வாங்குனா நேரா விளையாட்டு விடுதி, படிப்புக்குப் படிப்பு, பின்னால ரயில்வேயிலயோ போலீஸ்லயோ வேலைன்னு சார் சொன்னாரு. தீப்பெட்டி ஆபீஸ்ல இடுப்பொடிஞ்சவளுக்கு அதைக் கேட்டா எப்படி இருக்கும்? எனக்குத் தரையில கால் பாவலை.

சாரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுசன். ஒரு பழக்கம் மட்டும் உண்டு. ஓட வந்த பிள்ளைங்க கையில, தோளுக்குக் கீழ இருக்க சதையை ரெண்டு விரலால கிள்ளிப் பாப்பாரு. "இது எதுக்கு உனக்கு? இதையும் தூக்கிட்டா ஓடப் போற?"ன்னு கேப்பாரு. சும்மா விளையாட்டுக்குத்தான். மத்த பிள்ளைங்க சிரிச்சுட்டுப் போயிரும். எங்கூட்டுப் பிள்ள அதை மனசுல போட்டு வச்சுக்கிட்டா. சோத்தைக் குறைச்சா. எண்ணெய்னா மூஞ்சியைச் சுளிச்சா. தாய்மாமன் சேவுக் கடைக்காரன்! பொட்டலம் பொட்டலமா வரும், தொட மாட்டா. மதினி ஆசையா வடை சுட்டுக் குடுத்தா, பேப்பருக்குள்ள வச்சு அமுக்கு அமுக்குன்னு அமுக்கி, எண்ணெயெல்லாம் பேப்பருக்குப் போனப்பறம் அந்தச் சக்கையை ஒரு விள்ளல் கடிப்பா. மதினிக்கு எப்படி இருக்கும்? இருந்தாலும் ஒண்ணும் சொல்ல மாட்டா. அவளுக்கு இவ உசுரு.

கடைசியில ஒருநாள் சார் அவ கையைக் கிள்ளிப் பாத்தாரு, கிள்ள ஒண்ணும் அகப்படலை. எல்லாப் பிள்ளைங்களையும் கூப்பிட்டுக் காட்டுனாராம். "பாத்துக்கோங்க, உடம்புல பொட்டுக் கொழுப்பு கிடையாது. இதான் ஓட்டக்காரி உடம்பு"ன்னாராம். அதை வீட்டுல வந்து எங்கிட்டச் சொல்லும்போது பிள்ள முகத்தைப் பாக்கணுமே. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு. ஆபீஸ்ல எல்லாருகிட்டயும் சொன்னேன்.

ஆனா ஒண்ணுக்கா, அவ ஆளாகலை.

கூடப் படிச்ச பிள்ளைங்க எல்லாம் சமைஞ்சாச்சு. தெருவுல மாசத்துக்கு ஒரு சடங்கு. எந்தச் சடங்குக்குப் போனாலும் என்னைப் பாத்து அதே கேள்விதான். "ஒம்மக இன்னுமா?" முதல்ல சாதாரணமாக் கேட்டாங்க. அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டாங்க. அப்புறம் கேக்கவே இல்லக்கா, பாத்தாங்க, அவ்வளவுதான். கேக்கதையாவது தாங்கிக்கிடலாம். பதினாறு வயசு ஆகப் போகுது, எனக்கு ஆபீஸ்ல குனிஞ்ச தலை நிமிர முடியலை. அதோட மதினி வேற, அவ மகன் குருசாமிக்குக் காளீஸ்தான்னு பிறந்தப்பவே சொல்லி வச்சவ. காலேஜு முடிக்கட்டும், ஓடட்டும், மெடல் வாங்கட்டும், எப்ப வந்தாலும் என் வீட்டு மருமகதான்னு சொல்லுவா. ஒருநாள் என்னைத் தனியாக் கூப்பிட்டு, "சுப்பு, பிள்ளைக்கு உள்ளுக்குள்ள ஒண்ணும் குறை இருக்காதுல்லா?"ன்னு கேட்டா. பாசமாத்தான் கேட்டா. எனக்கு நெஞ்சுல தீயை வச்ச மாதிரி இருந்துச்சு.

காளீஸ்கிட்டக் கேட்டேன். "அது வராம இருக்கதுதாம்மா நல்லது. பெரிய பெரிய ஓட்டக்காரிங்களுக்கெல்லாம் வராதாம், அக்காமாரு சொல்லுதாங்க"ன்னா. கிரவுண்டுல இருக்க அக்காமாரு சொன்னா அவளுக்கு வேதவாக்கு.

அப்பத்தான், போன சித்திரையில, இந்த மதினி வந்தா. அன்னைக்குக் காலையில பிள்ள கிரவுண்டுல விழுந்துட்டா. சரளைக்கல்லுத் தரை, தொடையில நல்லாச் சிராய்ச்சு ரத்தம். ஒரு கந்தத் துணியில துடைச்சுட்டு, அந்தத் துணியையும் பாவாடையையும் கொல்லையில வாளித் தண்ணியில முக்கி வச்சிருக்கா. நான் அடுப்படியில காயத்துக்கு மஞ்சள் குழைச்சுக்கிட்டு இருக்கேன். மதினி கை கழுவக் கொல்லைப் பக்கம் போனவ வாளியைப் பாத்துட்டா. பாத்தவ எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா இல்லையா? கேக்கணும்ல? கேக்கலையே! அங்கயே நின்னு, கையை வாய்க்கிட்ட வச்சு, போட்டா பாருங்க ஒரு குலவை. தெருவு முழுக்கக் கேட்டுச்சு. மேலத் தெருவுல இருந்து பதில் குலவை வருது!

நான் மஞ்சக் கையோட ஓடி வாரேன். எங்கிட்ட மஞ்சளைப் பாத்ததும் அவளுக்கு இன்னும் சந்தோசம். "கள்ளி, எங்கிட்டச் சொல்லாம மஞ்சள் அரைக்கியோ"ன்னு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதுட்டா. அழுதாக்கா, நிசமாவே அழுதா. அதுக்குள்ள நாலு பொம்பளைங்க வாசல்ல. அடுத்தாப்புல போனைப் போட்டு அண்ணன்கிட்டச் சொல்லிட்டா. அண்ணன் கடையில கொதிக்கிற எண்ணெயை அப்படியே விட்டுட்டு, "எம்மருமக பெரிய மனுசியாயிட்டா"ன்னு போன்ல தேம்புதான். ஆம்பளை அழுது நான் கேட்டதில்ல. எங்க ஆத்தா செத்தப்பகூட அவன் அழலை.

காளீஸ் கதவுக்கிட்ட நிக்கா. "அம்மா, அது..."ன்னு வாயைத் திறந்தா. நான் போயி அவ மணிக்கட்டைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்துனேன். எலும்புதான் கையில தட்டுப்பட்டுச்சு. வாயை மூடிக்கிட்டா.

நீங்களே சொல்லுங்க, நான் பொய் சொன்னேனா? ஒரு வார்த்தை பொய் சொல்லலையே. குலவை போட்டது அவ. நான் பேசாம இருந்தேன், அவ்வளவுதான். அவ்வளவு பேரு நிக்கையில, அண்ணன் அந்தப் பக்கம் தேம்பிக்கிட்டு இருக்கையில, "இல்ல, அது விழுந்த காயம்"னு எப்படிக்கா சொல்ல? மதினி மூஞ்சியை எங்க கொண்டு வைக்க? எப்படியும் இன்னைக்கோ நாளைக்கோ வரத்தானே போகுது, சடங்கை முன்கூட்டியே வச்சுக்கிட்டதா இருக்கட்டும்னு நினைச்சுக்கிட்டேன். சடங்கு நடந்தா அந்த ராசியிலயே வந்துரும்னும் நினைச்சேன். இதுல என்ன தப்பு?

அண்ணன் குச்சு கட்டுனான், பச்சைத் தென்னோலையில குடிசை மாதிரி. இந்தக் காலத்துல யாரு கட்டுதா? மண்டபத்தைப் பிடிச்சுப் போட்டா எடுத்து முடிச்சுருதாங்க. இவன் முறை மாறக்கூடாதுன்னு முத்தத்துல அவன் கையாலயே கட்டுனான். பிள்ளையை உள்ள உக்கார வச்சாச்சு. கிரவுண்டு கிடையாது, ஓட்டம் கிடையாது. மதினி கடையையும் வீட்டையும் விட்டுட்டு வந்து கூடவே இருந்தா. உளுந்தங்களி கிண்டி நடுவுல குழி பறிச்சு நல்லெண்ணெயை ஊத்தி, கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, உருட்டி உருட்டி ஊட்டி விட்டா. நாட்டுக்கோழி முட்டை. நெய்ச்சோறு. பேப்பர்ல அமுக்க முடியுமா? அத்தை கண்ணு முன்னால அமுக்க முடியாது. ரெண்டு நாள் ஓங்கரிச்சா. அப்புறம் திங்க ஆரம்பிச்சா பாருங்க, கேட்டு வாங்கித் தின்னா!

நான் ஒண்ணு சொல்லணும்க்கா. அந்தக் குச்சுக்குள்ள இருந்த நாள்லதான் எம்பிள்ள சிரிச்சு நான் பாத்தேன். கன்னம் லேசா உப்புச்சு. கையில, கன்னத்துல எல்லாம் பூனை முடி மாதிரி மெல்லிசா வளந்திருந்துச்சு, அதுக்கு மஞ்சள் தேச்சு விட்டோம். அதுக்கு முன்னால சீப்பை வச்சா கொத்துக் கொத்தா முடி வரும், அது குறைஞ்சிருந்துச்சு. ஒருநாள் மத்தியானம் என்னைக் கூப்பிட்டா. "அம்மா, இன்னைக்கு எனக்குக் குளிரவே இல்லம்மா"ன்னா. எவ்வளவு ஆச்சரியமாச் சொன்னா தெரியுமா! அவ்வளவு ஆச்சரியமாச் சொன்னா.

சடங்கு முடிஞ்சு குச்சைப் பிரிச்சாச்சு. போட்டி வருதுல்லா, மறுபடி கிரவுண்டுக்கு அனுப்புனேன். நான்தான் அனுப்புனேன், அனுப்பாம வீட்டுல வச்சா விடுதி எப்படிக் கிடைக்கும்? சார் அவளைப் பாத்துட்டு, "என்னடா, மாமன் கடைச் சட்டியில போட்டு எடுத்துட்டாங்களா?"ன்னு கேட்டுக் கையைக் கிள்ளுனாரு. கொஞ்சம் சதை கிடைச்சுருக்கும் போல. அன்னைக்கு ராத்திரி நான் வச்ச சோத்தை அவ தொடலை. அதுக்கப்புறம் முன்னையைவிட மோசம். பெஞ்சுல உக்காந்தா எலும்பு குத்துதுன்னு சேலையை மடிச்சுப் போட்டு உக்காருவா. அவ பின்பக்கம் ஏதும் இருந்தாத்தானே! ஸ்கூல்ல நாடி பாத்த நர்ஸம்மா இவ கையைப் பிடிச்சுட்டு மறுபடி மறுபடி எண்ணிப் பாத்துச்சாம், இவ்வளவு மெதுவாத் துடிக்கேன்னு. சார்கிட்டக் கேட்டேன். ஓட்டக்காரி இதயம் அப்படித்தான், நல்லதுன்னாரு. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

இன்னொரு பக்கம் நான் படுத பாடு யாருக்குத் தெரியும்? மாசம் பிறந்தா மதினி போன். "சுப்பு, பிள்ளைக்கு ஆச்சா? இடுப்பு வலி இருக்கா? உளுந்து லட்டு குடுத்துவிடவா?"ம்பா. நான் ஏதோ ஒரு நாளைச் சொல்லணும். சொன்ன நாளை ஞாபகம் வச்சுக்கிடணும். தை மாசம் அம்மன் கோயில் பொங்கலன்னைக்கு எல்லாரும் போறோம். அதுக்கு முந்தின நாள்தான் ஆச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். பிறகென்ன, பிள்ளையைக் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகாம வீட்டுலயே பூட்டிட்டுப் போனேன். ஒண்ணும் வராத பிள்ளைக்குத் தீட்டு! பொங்கல் வைக்கும்போது அம்மன் முகத்தை ஏறிட்டுப் பாக்க முடியலக்கா. கண்ணை மூடிக்கிட்டு, "தாயே, அதை மட்டும் வர வச்சுரு, மொட்டை போடுதேன்"னு வேண்டிக்கிட்டேன். பிள்ளைக்கு இல்ல, எனக்கு.

மதினி குடுத்துவிட்ட லட்டையெல்லாம் பிள்ள என்ன செஞ்சான்னு கேளுங்க. கிரவுண்டு நாய்க்குப் போட்டிருக்கா. அந்த நாய் கன்னுக்குட்டி மாதிரி ஆயிருச்சு.

ஐப்பசியில கால் வலின்னா. சுளுக்குன்னு தைலம் போட்டேன். வலியோடயே ஓடிட்டா, சார்கிட்டச் சொல்லலை. ஒருநாள் ஓட முடியாம கிரவுண்டுலயே உக்காந்துட்டா. எங்க ஊர் எலும்பு டாக்டர்கிட்டக் காமிச்சோம். படத்தைத் தூக்கிப் பாத்துட்டு, "என்னம்மா இது, அறுவது வயசுப் பொம்பளை எலும்பு மாதிரி இருக்கு"ன்னாரு. அப்புறம் என்னைப் பாத்து, "மாசாமாசம் ஒழுங்கா வருதா?"ன்னு கேட்டாரு. மதினி பக்கத்துல நிக்கா. "அதெல்லாம் டாணுன்னு வருது டாக்டர், நாங்கதான் சடங்கு வச்சோமே"ன்னு அவளே சொல்லிட்டா. டாக்டர் என்னைப் பாத்தாரு. நான் தலையாட்டுனேன். வேற என்ன செய்ய?

மாசியில மறுபடியும், இப்ப தொடையில. இந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க. இங்க ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், நிதானமாப் பேசுது. அதுவும் அதே கேள்வி. மதினியும் அதே பதில். அப்ப அந்த டாக்டரம்மா சொல்லிச்சு, அதை அப்படியே சொல்லுதேன் கேளுங்க. "ஓடுற பிள்ளைங்களுக்கு உடம்புல கொழுப்பே இல்லாம வத்திப்போனா மாசாந்திரம் நின்னுரும், சிலருக்கு வரவே வராது. அது இல்லைன்னா எலும்பு கெட்டிப்படாது, நல்லா ஓடும்போதே கீறல் விடும். இவளைப் பாத்ததும் நான் அதான்னு நினைச்சேன். ஒழுங்கா வருதுன்னு நீங்க சொல்லுதீங்க. அப்ப வேற என்னமோ இருக்குன்னுதான் தேடணும்"ன்னுச்சு. தேடித் தேடி ரத்தம் எடுத்தாங்க. சுரங்கம் மாதிரி ஒரு மிசினுக்குள்ள விட்டுப் படம் எடுத்தாங்க. கீறலைச் சுத்தி ஏதோ வீக்கமா இருக்கு, கட்டியான்னு எடுத்துத்தான் பாக்கணும்னு சொல்லிட்டாங்க.

பாத்தீங்களா, வேற என்னமோவாம்! ஒரு குலவை எங்க கொண்டுவந்து விட்டுருக்கு பாத்தீங்களா? அந்த டாக்டரம்மாவுக்கும் கொஞ்சம் யோசனை வேண்டாமா? மதினி வாயைப் பாத்தே வைத்தியம் பாத்தா?

என்ன சொல்லுதீங்க? சொல்லிரணுமா? அதையேதான் காளீஸும் சொன்னா. இங்க வரும்போது பஸ்ஸுல, மதினி முன் சீட்டுல. என் காதுக்கிட்ட வந்து, "அம்மா, டாக்டர்கிட்ட நானே சொல்லிரட்டுமா?"ன்னா. "சொல்லு. அப்புறம் மாமா மூஞ்சில எப்படி முழிப்ப?"ன்னேன். அவ்வளவுதான் கேட்டேன். அதுக்கப்புறம் அவ யார்கிட்டயும் ஒண்ணும் பேசலை. இப்பவும் பாருங்க, எவ்வளவு நேரமா நம்மளையேதான் பாத்துக்கிட்டு இருக்கா.

நான் சொல்லப் போகாம இல்லக்கா. நேத்து சாயங்காலம் டாக்டரம்மா ரூமுக்குத் தனியாத்தான் கிளம்புனேன். வராண்டா பாதி கூடப் போகலை, பின்னாலயே மதினி. "தனியாப் போகாத சுப்பு, மனசு உடைஞ்சிருவ, நான் கூட இருக்கேன்"னு தோள்ல கையைப் போட்டுக்கிட்டா. பாசம்தான், யாரு இல்லைன்னா? மூணு நாளா வீட்டுக்குப் போகலை, பெஞ்சுல படுத்துக் கிடக்கா. பிள்ளைக்கு ஒண்ணுன்னா அவ செத்துருவா. அவகிட்டப் போயி, நீ போட்ட குலவை பொய், எங்க அண்ணன் கட்டுன குச்சு பொய், மாசாமாசம் நான் சொன்ன நாளெல்லாம் பொய், ஆளாகாத பிள்ளையை உன் மகன் தலையில கட்டப் பாத்தேன்னு சொல்லவா? கை அகல வாசல்கூட எனக்கு இல்ல. எந்தப் பக்கம் திரும்புனாலும் அவ பாசமா நிக்கா. நான் வெளிய போறது எப்படி?

இன்னைக்கு ஒரு நாள் பொறுத்தா, ஊசி போட்டு எடுப்பாங்க, கட்டி இல்லைன்னு வந்துரும். வந்துரும்ல? அப்புறம் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயி உளுந்து, எண்ணெய்னு நானே ஊட்டி விட்டா, அது தானா வந்துரும். யாருக்கும் தெரியாம முடிஞ்சுரும். என்னது? எலும்புல குத்துறதுன்னா சாதாரணமான்னு கேக்கீங்களா? அது எனக்கும் தெரியும். நீங்க ஏன் இப்படிப் பாக்கீங்க? நான் பிள்ளையைப் பெத்தவக்கா.

இந்தா வந்துட்டா. ஒண்ணும் கேக்காத மாதிரி இருங்க. உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன்.

வா மதினி. ஏன் இவ்வளவு நேரம்? எண்ணெய் சரியில்லையா? நான்தான் சொன்னேன்ல. இந்த அக்கா வீட்டுக்காரருக்கு முழங்கால் ஆபரேசனாம். சும்மா பேசிக்கிட்டு இருந்தோம். நம்ம காளீஸ் சடங்கைப் பத்தித்தான் சொல்லிட்டு இருந்தேன், நீ எப்படிக் குலவை போட்டன்னு. ஆமா, மேலத் தெரு வரைக்கும் கேட்டுச்சே. எனக்கு வடை வேண்டாம் மதினி. காப்பி மட்டும் குடு.

என்ன சிஸ்டர்? ஆமா, காளீஸ்வரி. நான்தான் அம்மா. கூட்டிட்டுப் போறீங்களா? போகட்டும். என்ன கேக்கீங்க? கடைசியாத் தலைக்கு ஊத்துனது எப்பவா? அது எதுக்கு இப்ப? மயக்க ஊசிக்கு முன்னால எல்லாப் பொம்பளைப் பிள்ளைக்கும் கேக்கதுதானா. டாக்டரம்மாதான் இன்னொரு தடவை அம்மாகிட்டயே கேட்டுட்டு வரச் சொன்னாங்களா. எங்கிட்டயேவா.

மதினி, நீ இரு. என்னையத்தானே கேக்காங்க. நான் சொல்லுதேன்.

போன மாசம் சிஸ்டர். கடைசி வெள்ளி.

ஆமா, ஒழுங்காத்தான். அவ எதுக்கு அங்க தலையை அப்படியும் இப்படியும் ஆட்டுதா? பயந்திருக்கா சிஸ்டர், சின்னப் பிள்ள. காளீஸ், ஒண்ணுமில்லம்மா, அம்மா இங்கதான் இருக்கேன். நீங்க எழுதிக்கிடுங்க சிஸ்டர்.

யக்கா, என்ன இது, கையை விடுங்க. மணிக்கட்டுல ஏன் இப்படி அழுத்திப் பிடிக்கீங்க, வலிக்குக்கா. விடுங்க, மதினி பாக்கா.